வரைபடத்தில் வெள்ளையாக இருக்கும் ஊர்

மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பக் கூடாது என்பது மாசி வீதிக்காரர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த சங்கதி. நிலம் நம்முடையது, பட்டா நம் பேரில் இருக்கிறது, வரியும் நாம்தான் கட்டுகிறோம். ஆனாலும் எங்கோ ஓர் அலுவலகத்தில் போட்ட வட்டம் மூன்றாவது மாடியைத் தடுத்துவிடுகிறது. சொத்தின் மேல் ஒரு கோடு விழுந்தால் என்ன ஆகும் என்று மதுரைக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அப்படி ஒரு கோடு, காட்டுத்தீ அபாய வரைபடம் என்ற பேரில், 2025-ல் கலிபோர்னியாவின் சமவெளி ஊர்கள் மேலும் விழுந்தது. அங்கே வீடு வாங்கிக் குடியேறிய நம்மூர்ப் பிள்ளைகள் நிறைய. "பக்கத்துல காடே இல்லன்னுதானே வாங்கினோம், இப்ப மேப்புல மஞ்சள் அடிச்சுட்டாங்களே, வெல விழுந்துருமா?" என்ற கேள்வி கே.கே.நகர், அண்ணாநகர் வீட்டுக் கூடங்கள்வரை வந்து சேர்ந்தது. பதில் சொல்ல வேண்டுமானால் அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால், மதுரை மாதிரி காட்டுத்தீ பயம் அதிகமில்லாத ஊருக்கு அப்படி ஒரு வரைபடம் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதும் விளங்கும்.

1991 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரத்து மலைச்சரிவில் தீப்பிடித்தது. முந்தின நாள் அணைத்துவிட்டதாக நினைத்த புல் தீயின் கங்கு, மறுநாள் அடித்த வறண்ட காற்றில் மறுபடி பற்றிக்கொண்டது. 25 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 3,000 வீடுகள் போயின. பல வீடுகளுக்கு மரச்சில்லுக் கூரை. மறு வருஷமே கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது: நகரங்களுக்குள்ளும் தீ அபாயம் மிக அதிகமுள்ள இடங்களை மாநிலத் தீயணைப்புத் துறை அடையாளம் காட்ட வேண்டும். 2008 முதல், அடையாளம் காட்டிய இடங்களில் புதிதாகக் கட்டும் வீடுகளுக்குக் கூரை, சுவர், சன்னல், காற்றுத் துளை எல்லாவற்றுக்கும் தனி விதி வந்தது. நகரங்களில் முதலில் ஒரே நிறம்தான், மிக அதிக அபாயத்தைக் காட்டும் சிவப்பு. 2021-ல் வந்த இன்னொரு சட்டம் அதிக அபாயத்துக்கு ஆரஞ்சையும் மிதமான அபாயத்துக்கு மஞ்சளையும் சேர்க்கச் சொன்னது. அந்தப் புது வரைபடங்கள் 2025 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பகுதி பகுதியாக வெளியாயின. அதற்குச் சில வாரங்கள் முன்னால்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் பாலிசேட்ஸ் தீயும் ஈட்டன் தீயும் எரிந்து முடிந்திருந்தன. அந்த நேரத்தில் எந்த நிறத்தைக் காட்டினாலும் ஜனங்கள் பயப்படத்தான் செய்வார்கள்.

இந்த வரைபடம் எதைப் பார்க்கிறது? சரிவு எவ்வளவு, என்ன மாதிரிப் புல் பூண்டு, எவ்வளவு காய்கிறது, காற்று எப்படி அடிக்கிறது, கங்கு எவ்வளவு தூரம் பறந்து விழும் என்று நிலத்தைத்தான் பார்க்கிறது. அதுவும் இந்த வருஷக் கணக்கு இல்லை. 30 முதல் 50 ஆண்டுக் காலத்தில் அந்த நிலம் எப்படி எரியக்கூடும் என்ற கணக்கு. உங்கள் வீட்டை அது பார்ப்பதே இல்லை. ஓடு மாற்றினாலும், முற்றத்தைச் சுத்தமாகப் பெருக்கி வைத்தாலும் நிறம் மாறாது. மழைக்குப் பிறகு புல்லை வெட்டிவிட்டேன், மஞ்சளை எடுத்துவிடுங்கள் என்று நகராட்சியில் போய் நிற்பதில் பிரயோசனமில்லை. நகராட்சிக்கே அந்த அதிகாரம் கிடையாது. வரைபடம் கைக்கு வந்த 120 நாளுக்குள் அதை உள்ளூர் விதியாக ஏற்க வேண்டும். வேண்டுமானால் நிறத்தைக் கூட்டலாம், குறைக்க முடியாது.

நிறத்தைவிட முக்கியமான இன்னொரு சங்கதி பலர் கண்ணில் படுவதில்லை. அங்கே தீயை அணைக்கும் பொறுப்பு மாநிலத்துடையதா, உள்ளூர் அமைப்புடையதா என்று நிலமே இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஒரே மஞ்சள், மாநிலப் பொறுப்பு நிலத்தில் விழுந்தால் ஒரு அர்த்தம், நகரத்துக்குள் விழுந்தால் வேறு அர்த்தம். மலையும் மேய்ச்சலுமாகக் கிடக்கும் மாநிலப் பொறுப்பு நிலத்தில் எந்த நிறமாக இருந்தாலும் புதுக் கட்டட விதி உண்டு, வீட்டைச் சுற்றி 100 அடிக்குப் புல் புதரைக் கட்டுக்குள் வைக்கவும் வேண்டும். நகரத்துக்குள் சிவப்பு என்றால் அந்த 100 அடியும் உண்டு, புதுக் கட்டட விதியும் உண்டு, விற்கும்போது இது அபாய மண்டலம் என்று எழுதிக் கொடுக்க வேண்டியதும் உண்டு. ஆரஞ்சு என்றால் புதிதாகக் கட்டுபவருக்கும் விற்பவருக்கும் சில கடமைகள். நகரத்து மஞ்சளுக்கு? மாநிலச் சட்டம் வீட்டுக்காரர் தலையில் அநேகமாக எதையும் சுமத்தவில்லை. அந்த நகரமே தனியாக விதி போட்டிருந்தால் ஒழிய, மஞ்சள் என்பது ஒரு தகவல். ஏற்கெனவே கட்டிய வீட்டை இடித்து மாற்று என்று எந்த நிறமும் சொல்லவில்லை. கட்டட விதி புதிதாகக் கட்டுபவருக்குத்தான்.

ஆகவே பிள்ளை கேட்டால் முதலில் மேப்பின் நிறத்தைக் கேட்காதீர்கள். யார் பொறுப்பு நிலம், நீ கட்டப் போகிறாயா, விற்கப் போகிறாயா, சும்மா குடியிருக்கிறாயா என்று கேளுங்கள். பாதிப் பயம் அங்கேயே தீர்ந்துவிடும். காப்பீட்டுப் பயம் மட்டும் மிச்சமிருக்கும். அதற்கும் இந்த வரைபடத்துக்கும் நேரடிச் சம்பந்தம் குறைவு. கம்பெனிகள் வீட்டையும் சேர்த்துப் பார்க்கும் தங்கள் சொந்தக் கணக்கை வைத்துத்தான் பிரீமியம் போடுகின்றன. தீத்தடுப்பு வேலை செய்த வீட்டுக்குத் தள்ளுபடி தர வேண்டும் என்று அங்கே 2022-லிருந்து விதியும் இருக்கிறது. அதாவது, வரைபடத்தின் நிறத்தை மாற்றாத ஓடு, பிரீமியத்தை மாற்றலாம்.

பக்கத்து மாநிலமான ஓரிகான் இதே மாதிரி ஒரு வரைபடத்தை 2022-ல் வெளியிட்டது. கிராமத்து நிலக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். விலை போய்விடும், காப்பீடு கிடைக்காது என்று கூச்சல். அரசு வரைபடத்தைத் திரும்பப் பெற்றுத் திருத்தி, 2025 ஜனவரியில் மறுபடி வெளியிட்டது. எதிர்ப்பு அடங்கவில்லை. அந்த வருஷமே சட்டசபை வரைபடத்தையும் அதோடு ஒட்டியிருந்த கட்டாயங்களையும் ரத்து செய்துவிட்டது. மலையும் காற்றும் அப்படியே இருக்கின்றன, காகிதம் மட்டும் போயிற்று. நிலக்காரர்கள் கோபத்தை மடத்தனம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. தன் வீட்டை ஒருமுறைகூடப் பார்க்காத கணக்கு, தன் சொத்தின் மேல் முத்திரை குத்தும்போது யாருக்கும் வருகிற கோபம்தான் அது.

இனி எந்த நிறமும் பூசாத பகுதி. வெள்ளையாக விட்ட இடம். என் கவலை மஞ்சளைவிட இதில்தான்.

2017 அக்டோபர் ராத்திரி, கலிபோர்னியாவின் சான்டா ரோசா நகரத்தில் காஃபி பார்க் என்ற குடியிருப்பு. சமதளம், வரிசை வரிசையாக வீடுகள். மலைக்கும் அதற்கும் நடுவே ஆறு தடத்து நெடுஞ்சாலை. அபாய மண்டலத்துக்கு வெளியே இருந்தது. டப்ஸ் தீயின் கங்குகள் அந்தச் சாலையைத் தாண்டி வந்து விழுந்தன. ஒரு வீடு எரிந்தால் அதுவே பக்கத்து வீட்டுக்கு விறகு. மரச்சட்டம் வைத்துக் கட்டிய வீடுகள் அல்லவா. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் ஒரே ராத்திரியில் போயின. மண்டலத்துக்கு வெளியே இருந்ததால், திரும்பக் கட்டும்போதும் அந்தத் தீத்தடுப்புக் கட்டட விதி அங்கே கட்டாயமில்லை. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து ஆல்டடீனாவில் ஈட்டன் தீ 9,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களை எரித்தபோதும், அதில் பெரும்பகுதி அப்போதிருந்த சிவப்புக்கு வெளியேதான் இருந்தது.

வரைபடம் பொய் சொன்னது என்று இதற்கு அர்த்தமில்லை. அது ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: காட்டுப் பக்கமிருந்து தீ இந்த நிலத்துக்கு எவ்வளவு உக்கிரமாக வரும்? தெருவுக்குள் வந்த தீ வீட்டுக்கு வீடு எப்படித் தாவும் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு வெள்ளை என்று விழுந்த இடத்தை, எல்லாக் கேள்விக்கும் வெள்ளை என்று வாசித்துக்கொள்கிறோம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மதுரைக்கு ஒரு வரைபடம் போட்டுப் பார்க்கலாம். கலிபோர்னியாக் கணக்குப்படி போட்டால் நிறம் எங்கே விழும்? நாகமலை, அழகர்மலைச் சரிவுகள், இன்னும் வடக்கே சிறுமலை. அவற்றின் அடிவாரத்தில் ஒரு பட்டை. நகரத்தின் மற்ற இடமெல்லாம் வெள்ளை.

நாகமலை அடிவாரப் பிளாட் ஒன்றை மார்ச் மாதத்தில் பாருங்கள். நாலு மூலையிலும் மஞ்சள் அடித்த கல், ஒரு பக்கம் மட்டும் முள்கம்பி. ஐப்பசி, கார்த்திகை மழையில் முழங்கால் உயரத்துக்கு எழும்பிய புல், மாசி பிறக்கும்போதே சருகாகிவிட்டது. ஓரத்தில் சீமைக்கருவேலம். முனையில் யாரோ கொட்டிய குப்பை: பாலிதீன் பை, கட்டடம் இடித்த மரத்துண்டு, பழைய மெத்தைப் பஞ்சு. மலைப் பக்கம் வனத்துறையின் எல்லைக் கல். வாங்கிப் போட்டவர் சென்னையிலோ துபாயிலோ இருக்கிறார், விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார். குப்பைக்கு ஒரு தீக்குச்சி போதும். மதியக் காற்றில் அது புல்லுக்கு ஏறி, சரிவில் மேல்நோக்கி ஓடும். சரிவில் தீ ஏறுகிற வேகம் சமதளத்தைவிட அதிகம், ஏனென்றால் மேலே இருக்கும் புல்லைக் கீழே உள்ள சுவாலை முன்கூட்டியே காய வைத்துவிடுகிறது. காடு எரிந்து ஊருக்கு வருவதைவிட, ஊரோரத்தில் வைத்த தீ காட்டுக்கு ஏறுவதுதான் இந்தப் பக்கத்து வழக்கம்.

அந்தத் தீ அடிவாரத்து வீட்டை என்ன செய்யும்? பெரும்பாலும் கரும்புகை அடித்துவிட்டுப் போய்விடும். செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு, கான்கிரீட் தளம், சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர். பற்ற ஒன்றுமில்லை. இருப்பவை சில்லறைச் சாமான்கள்: சன்னலில் அடித்த நைலான் கொசுவலை, மொட்டை மாடியில் காயும் துணி, பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, மாட்டுக்கொட்டகையின் கீற்று, வைக்கோல் படப்பு. கங்கு உள்ளே போகாமலிருக்கக் காற்றுத் துளைக்கு உலோக வலை போடு என்று கலிபோர்னியா விதி சொல்வதும், நம் கொசுவலையைக் கம்பி வலையாக மாற்றிக்கொள்வதும் ஒரே காரியம்தான். மற்றபடி அங்குள்ள விதிப் புத்தகத்தின் பெரும்பகுதி மரவீட்டுக்கு எழுதியது. அதே சரிவு, அதே காய்ந்த புல், ஆனால் நடுவில் நிற்கும் வீடு வேறு. அதனால்தான் அந்த மண்டல முறையை அப்படியே இங்கே இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்பில்லை.

மலையில் உயிர்ச்சேதம் நடக்காது என்று சொல்ல வரவில்லை. 2018 மார்ச் 11-ல் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் காய்ந்த புல்லுக்கு நடுவே சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீக்காயம் பட்டவர்களை மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். அது வீட்டுமனைப் பிரச்சினை இல்லை. யார், எந்த மாதத்தில், எந்த அனுமதியோடு மலைக்குள் போகலாம் என்ற பிரச்சினை. அந்த வருஷமே மலையேற்றத்துக்குத் தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது.

இப்போது வெள்ளைப் பகுதி. காட்டுத்தீ வரைபடத்தில் பளிச்சென்று வெள்ளையாக இருக்கப் போகும் இடம் விளக்குத்தூண், கோயிலைச் சுற்றிய வீதிகள், பெரியார் பேருந்து நிலையப் பக்கம். 2018 பிப்ரவரி 2 இரவு கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகளில் பிடித்த தீயில் மண்டபத்தின் கற்கூரையே சரிந்தது. கல்லுக்குத் தீப்பிடிக்காது என்று இருந்த நம்பிக்கையும் கூடவே சரிந்தது. கல் எரியாது, ஆனால் சூட்டில் விரிந்து வெடிக்கும். 2020 தீபாவளி சமயத்தில் விளக்குத்தூண் பக்கம் பழைய கட்டடத்தில் இருந்த ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் இருவர் சுவர் இடிந்து இறந்தார்கள். 2024 செப்டம்பரில் கட்ராபாளையத்தில் பெண்கள் தங்கும் விடுதியில் குளிர்பதனப் பெட்டி வெடித்து இரண்டு பேர் உயிரிழந்தார்கள். இந்த இடங்களில் ஒரு பிடி காய்ந்த புல்கூடக் கிடையாது.

இந்தத் தீக்கு ஏற்ற கோடு நம்மிடம் இருக்கிறதா? ஒரு கோடு உண்டு, அது உயரத்தில் போட்டது. 18.30 மீட்டருக்கு மேல் போனால் அடுக்குமாடி உயரக் கட்டடம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும் என்கிறது 2019-ன் கட்டட விதித் தொகுப்பு. உயரத்தை அளவாக எடுத்தது சரிதான், ஏணி எட்ட வேண்டும், தண்ணீர் ஏற வேண்டும். ஆனால் கோயிலைச் சுற்றிய ஒரு கிலோமீட்டரில் 9 மீட்டருக்கு மேல் எழும்பவே முடியாது. அப்படியென்றால் ஊரிலேயே நெருக்கமான, சரக்கு அடைத்த, வண்டி நுழையத் திணறும் சந்துகள் அந்த உயரக் கோட்டுக்குக் கீழேயே இருக்கின்றன. இரண்டு கோடுகளும் தனித்தனியாக நியாயமானவை. சேர்த்துப் பார்க்கும்போது நடுவில் ஓர் இடைவெளி தெரிகிறது.

கட்டடப் பொருளை வைத்துக் கோடு போட்ட அனுபவமும் நமக்கு உண்டு. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் இறந்த பிறகு, பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. ஓக்லாந்தில் மரச்சில்லு, கும்பகோணத்தில் தென்னங்கீற்று. இரண்டு ஊரிலும் தீயைவிடக் கூரைதான் பேசப்பட்டது. நிறமடித்த வரைபடம் எதுவும் இல்லாமலே, எரியும் கூரையை எடு என்ற ஒரே விதி தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களை மாற்றியது. மண்டலம் பிரிப்பதைவிட இந்த வகை விதி நம்மூருக்குப் பொருந்தும் என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

மலையடிவாரத்தில் மனை வாங்குபவர் நம்மூரில் சந்திக்கும் கோடு வேறு. மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ள கிராமமா என்று பார்க்க வேண்டும். 'ஹாக்கா' என்று ரியல் எஸ்டேட்காரர்கள் சொல்வது இதைத்தான். பட்டியலில் இருந்தால் வழக்கமான மனை அங்கீகாரத்தோடு வனத்துறை, கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறை என்று பல கருத்துரைகள் தேவைப்படும். மண்சரிவும் நீரோட்டமும் காடும்தான் அதன் கவலை, தீ அதில் தனித் தலைப்பு கிடையாது. பட்டியலில் இல்லாத கிராமத்து மனை என்றால் "மலை வியூ, டிடிசிபி அப்ரூவ்டு" என்று போர்டு வைத்துவிடுவார்கள். டிடிசிபி என்ற நகர ஊரமைப்பு இயக்ககத்தின் அப்ரூவல் என்பது பாதையும் பூங்காவும் மனை அளவும் சரி என்ற சான்று. பின்பக்கப் புல்லைப் பற்றி அது வாயே திறக்காது.

கலிபோர்னியாவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு உண்டு என்பேன். ஒன்று, காலிமனைப் பராமரிப்பு. கோடைக்கு முன்னால் அங்கே பல நகரங்கள் மனைக்காரருக்குப் புல் வெட்டச் சொல்லி நோட்டீஸ் அனுப்பும். வெட்டாவிட்டால் நகரமே ஆள் வைத்து வெட்டி, செலவைச் சொத்துவரியோடு சேர்த்துவிடும். உரிமையாளர் துபாயில் இருந்தாலும் பில் போய்ச் சேரும். நம் ஊரில் 1939-ன் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே தொல்லை தரும் இடத்தைச் சரிசெய்யச் சொல்ல வழியிருக்கிறது. கொசுவுக்கும் பாம்புக்கும் பயந்து புகார் போகிறது. தீயைச் சொல்லி மாசி மாதத்திலேயே புகார் போவது அபூர்வம். குப்பை எரிப்பதைத் தடுத்தால்கூடப் பாதி வேலை முடிந்த மாதிரி. அவனியாபுரம் வெள்ளைக்கல் குப்பைக்கிடங்குப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அந்தப் புகையின் அருமை தெரியும்.

இன்னொன்று, விற்பவர் எழுதிக் கொடுப்பது. அங்கே 1998 முதல் வீடு விற்பவர், இந்தச் சொத்து வெள்ளம், நிலநடுக்கம், தீ ஆகிய மண்டலங்களில் எதில் வருகிறது என்று அச்சிட்ட படிவத்தில் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே நாம் வில்லங்கம் பார்ப்போம், மூலப்பத்திரம் பார்ப்போம், பட்டா, அடங்கல் பார்ப்போம். மழைக்கு இந்த மனையில் தண்ணீர் நிற்குமா, கோடையில் பின்பக்கம் எரியுமா என்பதை டீக்கடையில் விசாரித்துத்தான் தெரிந்துகொள்கிறோம். சட்டத்தில் இதற்கு இடமே இல்லையா என்றால், உண்டு. 1882-ன் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவு, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. சிக்கல், "சாதாரணக் கவனம்" என்ற இடத்தில். ஆவணி மாதம் பச்சைப் பசேலென்று இருக்கும் மனையைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்தவர், பங்குனியில் அது எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டியவரா? வழக்காடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பக்கப் படிவம் இருந்தால் வழக்கே வேண்டியதில்லை.

வீட்டுக் காப்பீட்டில் மட்டும், யாரும் கவனிக்காமலே, நாம் ஒரு படி முன்னால் இருக்கிறோம். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டிய பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில், புதர்த்தீயும் காட்டுத்தீயும் அடிப்படைப் பாதுகாப்பிலேயே சேர்ந்திருக்கின்றன. வங்கிக் கடன் போட்ட வீடுகளில் பலருக்கு இந்தப் பாலிசி கோப்புக்குள் ஏற்கெனவே கிடக்கும். எடுத்துப் பார்க்கும்போது கட்டடத்துக்கு மட்டுமா, உள்ளிருக்கும் சாமான்களுக்கும் சேர்த்தா என்று பாருங்கள். காம்பவுண்டுக்கு வெளியே நிற்கும் வைக்கோல் படப்பு அதில் வராது.